குளிர் தரும் அமோனியா



டிக்கோயா மலைச்சரிவில் வாழ்பவர்க்குக் குளிர் விலைகொடுத்து வாங்கும் பொருளன்று. அங்குள்ள தேயிலை ஸ்டோர்களில், ஈரநாளில் கொழுந்தை வாட்டவும் அரைத்த இலையை உலர்த்தவும் வேண்டப்படுவது வெப்பமே. ஆயினும் மலைநாட்டில் கறக்கும் பால் கெடாது கொழும்பை அடையவும், மீனும் இறைச்சியும் கடல் கடந்து செல்லவும் மனிதன் ஆக்கிய குளிர் தேவைப்படுகிறது. அக்குளிரின் வரலாற்றில் அமோனியா பெற்ற இடம் பெரிது.

முன்னாளில் வெப்பநாட்டார் பனிக்கட்டியைக் கப்பலில் வரவழைத்தனர். அமெரிக்கப் பொஸ்டன் பகுதியின் உறைந்த குளங்களில் வெட்டிய கட்டிகள் 1833இல் கல்கத்தாவை அடைந்தன. சென்னைக் கடற்கரையில் 1842இல் எழுந்த 'ஐஸ் ஹவுஸ்' அவ்வணிகத்தின் சின்னமாய், விவேகானந்தர் இல்லம் என்ற பெயரோடு நிற்கிறது.

அவ்வணிகத்தை வீழ்த்தியது இயந்திரம். 1859இல் பிரெஞ்சுக்காரர் பெர்டினண்ட் கரே அமோனியாவைக் கொண்டு பனிக்கட்டி ஆக்கும் கருவியைப் படைத்தார். 1870களில் ஜெர்மானியர் கார்ல் லிண்டே, அமோனியா ஆவியை அமுக்கித் திரவமாக்கும் இயந்திரத்தைச் செம்மை செய்தார். சாதாரண அமுக்கத்தில் அமோனியா மறை 33 பாகை செல்சியஸிலேயே கொதிக்கும். கொதிக்கும்போது சுற்றியுள்ள வெப்பத்தைப் பெருமளவில் உறிஞ்சிக்கொள்ளும். ஓசோன் படலத்துக்கும் அது கேடு செய்வதில்லை. ஆகவேதான் பெரிய உணவுத் தொழிற்சாலைகள் இன்றும் அதனைக் கைவிடவில்லை.

ஆனால் அதன் குணம் கொடிது. நீரை நாடுவது அதன் இயல்பு. மனித உடலில் அது தேடும் நீர் கண்ணிலும் தொண்டையிலும் நுரையீரலிலும் உள்ளது. காற்றைவிட இலேசானதாயினும், கசிந்த குளிர்ந்த அமோனியா ஈரக்காற்றோடு கலந்து வெண்புகையாய் நிலத்தை ஒட்டிப் படர்வதுண்டு. மூடுபனி தவழும் ஊரில் அவ்வெண்புகையையும் பனியென்றே எண்ணிவிடலாம். அங்கே கண்ணைவிட மூக்கே நல்ல காவலாளி.

2018 ஏப்ரலில் ஹொரணையில், குளிரூட்டலுக்கன்றி ரப்பர் வேலைக்காக அமோனியா வைத்திருந்த தொழிற்சாலையொன்றில் ஐவர் மாண்டனர். தொட்டியில் வீழ்ந்தவரைக் காக்க முனைந்தோரும் அவருள் அடங்குவர். 2024 ஜூலையில் தூத்துக்குடி அருகே மீன் பதனிடும் ஆலையொன்றில் அமோனியா கசிய, பெண் தொழிலாளர் பலர் மருத்துவமனை சேர்ந்தனர்.

ஹொரணை புகட்டும் பாடம் யாது? இரக்கம் மட்டும் எவரையும் காப்பதில்லை. சுவாசக் கவசமின்றி உள்ளே பாய்பவர் அடுத்த பலியாவார். காற்று வரும் திசையை அறிந்து, கசிவுக்குக் குறுக்காக விலகி, பின் காற்றை எதிர்நோக்கி மேலேறுவதே உயிர்காக்கும் வழி. கண்ணிற் பட்டால் காலந்தாழ்த்தாது நிறைந்த நீரால் கழுவிக்கொண்டே இருத்தல் வேண்டும். திரண்டு கிடக்கும் திரவ அமோனியாவின்மேல் நீரை ஊற்றலாகாது. ஊற்றின் அது மேலும் வேகமாய் ஆவியாகும்.

டிக்கோயாவின் லயங்களிலிருந்து இளைஞர் பலர் தொழிற்சாலை வேலை தேடிக் கொழும்புப் பக்கம் செல்கின்றனர். அவர்கள் நிற்கும் இயந்திர அறையின் வாயிலில் எச்சரிக்கைப் பலகை அவர்கள் படிக்கும் மொழியில் இருத்தல் வேண்டும். வெளியேறும் வழியை முதல்நாளே அவர்களுக்கு நடந்து காட்டுதல் வேண்டும். லிண்டே இயந்திரத்தைச் செம்மை செய்து ஒரு நூற்றாண்டுக்கு மேலாயிற்று. அதன் அருகில் நிற்கும் மனிதனைக் காக்கும் முறையையும் அவ்வாறே செம்மை செய்தல் நம் கடனன்றோ?