விரலியோடு பயணம் செய்யாத பூட்டு



சோதனைத் தாளை வீட்டுக் கணினியில் தட்டெழுதி, விரலி என்று நாம் வழங்கும் பென் டிரைவில் ஏற்றி, பள்ளிக் கணினியில் திருத்தி, அச்சுக்கடைக்குக் கொண்டு செல்வது யான் வட்டாரத்து ஆசிரியர்களுக்குப் பழகிய வேலை. ஒரே கோப்பு மூன்று கணினிகளைக் காண்கிறது. அதற்குக் காவல் எது? விடை காணச் சற்றுப் பின்னோக்கிச் செல்வோம்.

பயணத்தில் தமிழாசிரியர்கள் முதலில் இழந்தது எழுத்தையே. 1990களில் தமிழ் மென்பொருள்கள் பலவும் தத்தமக்கெனக் குறியீட்டு முறைகளைக் கொண்டிருந்தன. நம் நாட்டில் முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் பரவலாகப் பயன்பட்டது. உரிய எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், கட்டுரை பொருளற்ற குறிகளாகத் தோன்றும். 1999இல் சென்னையில் தமிழ் இணைய மாநாடு நடைபெற்றது; அவ்வாண்டே தமிழக அரசு டாம், டாப் என்னும் குறியீடுகளை ஏற்றது. இணையத் தமிழ் ஆர்வலர்கள் திஸ்கியை வகுத்தனர். 1991ஆம் ஆண்டின் யூனிகோடு முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தது. எனினும் விண்டோஸில் 'லதா' எழுத்துருவோடு அதற்கு ஆதரவு கிடைத்தது விண்டோஸ் 2000 பதிப்பில்தான். 2010இல் தமிழக அரசும் யூனிகோடைத் தரமாக ஏற்றது. இன்று எழுத்தின் அடையாளம் கோப்பிலேயே இருக்கிறது; ஆகவே அது எங்குச் சென்றாலும் தமிழாகவே விளங்குகிறது.

காவலின் கதையும் இதை ஒத்ததே. மூன்றரை அங்குல நெகிழ்வட்டின் மூலையில் ஒரு சிறு தாழ் இருந்தது. அதை நகர்த்தித் துளையைத் திறந்துவிட்டால், எந்தக் கணினியும் அவ்வட்டில் எழுதவோ அழிக்கவோ இயலாது. அக்காவல் வட்டோடு பயணம் செய்தது. 2000ஆம் ஆண்டில் சிங்கப்பூரின் டிரெக் 2000 நிறுவனமும் ஐபிஎம்மும் விரலியை விற்பனைக்குக் கொண்டுவந்தன. கொள்ளளவு பெருகியது, தாழோ பெரும்பாலான விரலிகளில் இல்லாமற்போனது.

விரலிகளில் பரவலான ஃபேட்32 அமைப்பு 1996இல் வந்தது. எல்லாக் கணினிகளும் அதைப் படிக்கும். ஆனால் இக்கோப்பு யாருடையது என்பதை அது அறியாது. என்டிஎஃப்எஸ் அமைப்பில் அனுமதிகளை வகுக்கலாம். ஆயினும் அவற்றைச் செயற்படுத்துவது அந்தந்தக் கணினியே. வேறொரு கணினியின் நிருவாகி அவற்றை மாற்றிவிட முடியும். வீட்டுக் கதவின் பூட்டு, சந்தைக்கு எடுத்துச் சென்ற பையைக் காக்குமா?

போதாக்குறைக்கு, செருகியவுடன் தானே இயங்கும் 'ஆட்டோரன்' வசதி நச்சுநிரல்களுக்கு வாசலாயிற்று. 2008 நவம்பரில் தோன்றிய கான்ஃபிக்கர் விரலிகள் வழியாகவும் பரவியது. 2009இல் விண்டோஸ் 7 இவ்வாசலை அடைத்தது. 2011இல் பழைய பதிப்புகளுக்கும் அத்திருத்தம் வழங்கப்பட்டது. அக்காலத்தில் வெளிக்கணினி ஒன்றில் செருகி எடுத்த என் விரலியில், கோப்புறைகள் அனைத்தும் குறுக்குவழிகளாக மாறிக் கிடந்தன. வேறு படி வைத்திராத வினாத்தாள்களை மீண்டும் தட்டெழுத நேர்ந்தது.

பயணம் செய்யும் பூட்டு ஒன்றே: மறையாக்கம். 2004இல் வந்த ட்ரூகிரிப்ட் 2014இல் நிறுத்தப்பட்டது. அதன் வழித்தோன்றலான வெராகிரிப்ட் 2013 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. விண்டோஸ் 7 'பிட்லாக்கர் டு கோ' வசதியைக் கொணர்ந்தது. இவற்றில் கோப்பே உருமாறிக் கிடப்பதால், கடவுச்சொல் அறியாதவர் எக்கணினியிலும் படிக்க இயலாது. கடவுச்சொல்லை மறந்தால் உரியவரும் படிக்க இயலாமற்போகலாம் என்பதை மறவாதீர். மேலும், பிறர் கணினியில் பூட்டைத் திறந்துவிட்டால், அந்நேரம் உள்ளே இருப்பதை அக்கணினி படியெடுக்கக்கூடும். ஆதலால் அச்சுக்கடைக்கு வேறொரு விரலியில், எழுத்துருவை உள்ளடக்கிய பிடிஎஃப் கோப்பை மட்டும் கொண்டு செல்வதே நலம். மூலப்படி ஒன்று வீட்டிலும் இருக்கட்டும்.

பெற்றோரே, உதவித்தொகைக்காக நீங்கள் எழுதித் தரும் வருமான விவரமும் பிள்ளையின் பிறப்புப் பத்திர எண்ணும் ஓர் ஆசிரியரின் சட்டைப்பையில் பயணம் செய்யக்கூடும். வினாத்தாள் தொலைந்தால் வேறொன்று எழுதலாம். நம்மை நம்பித் தந்த விவரம் பிறர் கைக்குப் போய்விட்டால் அதை மீட்க வழியில்லை. ஆசிரியர்களே, பூட்டிய பின்னரே விரலியைக் கழற்றுவோம்.