வைலி நடந்த வழி

பெர்த்திலிருந்து அடிலெய்டுக்குக் காரில் போகிறேன் என்றால் இங்குள்ள நம்மவர்கள், "அந்தப் பொட்டல்வெளியில் பார்க்க என்ன இருக்கிறது?" என்று கேட்கிறார்கள். எவ்வளவோ இருக்கிறது. நார்ஸ்மனில் கிழக்கே திரும்பினால் தொடங்குகிறது எயர் நெடுஞ்சாலை. போர்ட் அகஸ்டா வரை 1,600 கிலோமீட்டருக்கு மேல். பல்லடோனியாவுக்கும் கைகூனாவுக்கும் இடையே 146.6 கிலோமீட்டருக்கு ஒரு வளைவுகூடக் கிடையாது. மாநில எல்லையைத் தாண்டியதும் நல்லர்பார் சமவெளி சட்டென்று அறுந்து, செங்குத்துப் பாறைகளாகத் தென்கடலில் இறங்குகிறது. குளிர்காலமானால் கரையோரத்திலேயே திமிங்கிலங்கள் குட்டிகளோடு மிதக்கும்.

ஆனால் இந்த நிலத்தில் ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லை. பெய்கிற கொஞ்ச மழையையும் சுண்ணாம்புப் பாறை உறிஞ்சிக்கொள்கிறது. இந்த வழியின் கதையே தண்ணீரின் கதைதான்.

1841-இல் ஆங்கிலேய நில ஆய்வாளர் எட்வர்ட் ஜான் எயர் ஃபௌலர்ஸ் விரிகுடாவிலிருந்து மேற்கே புறப்பட்டார். உடன் சென்றவர்கள் மேற்பார்வையாளர் ஜான் பாக்ஸ்டரும், ஜோயி, யாரி, வைலி என்ற மூன்று பூர்வகுடி இளைஞர்களும். மகா ஆஸ்திரேலிய வளைகுடாவின் தலைப்பகுதியில், மணல்மேட்டில் எங்கே தோண்டினால் நீர் ஊறும் என்று காட்டிக்கொடுத்தவர்கள் அந்த மண்ணின் மக்கள். பிறகு பல நாள் சொட்டுத் தண்ணீர் இல்லை. எல்லையை ஒட்டிய யூக்லாவில் உயிர் காத்ததும் பூர்வகுடிகள் தோண்டி வைத்திருந்த ஊற்றுகளே. ஏப்ரல் 29 இரவு ஜோயியும் யாரியும் பாக்ஸ்டரைச் சுட்டுவிட்டு, உணவையும் துப்பாக்கிகளையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பாறை நிலத்தில் குழி தோண்ட முடியாமல், உடலைப் போர்வையில் சுற்றிவிட்டு எயர் நடந்தார். வைலி மட்டும் அவரோடு நின்றான். இன்றைய எஸ்பரன்ஸ் அருகே ஒரு பிரெஞ்சுக் கப்பல்தான் இருவருக்கும் சோறு போட்டது. ஜூலை 7-இல் ஆல்பனியை அடைந்தார்கள். அது வைலியின் சொந்த மண். இறந்துவிட்டான் என்று நினைத்திருந்த உறவினர்கள் அவனைக் கண்டு அழுதார்கள்.

இதே வழியில் 1877-இல் தந்திக் கம்பி வந்தது. யூக்லா பரபரப்பான நிலையமானது. பின்னர் முயல்கள் பெருகி மணலைப் பிடித்து நின்ற செடிகளைத் தின்று தீர்க்க, அந்த நிலையத்தை மணல் மூடியது. தந்திக் கம்பத்தை ஒட்டிய தடத்தில்தான் 1896-இல் ஆர்தர் ரிச்சர்ட்சன் என்பவர் சைக்கிள் மிதித்தார். போர்க்காலத்தில், 1941-இல்தான் முறையான சாலைப்பணி தொடங்கியது. மேற்கு ஆஸ்திரேலியப் பகுதிக்கு 1969-இலும் தெற்கு ஆஸ்திரேலியப் பகுதிக்கு 1976-இலும் முழுமையாகத் தார் போட்டு முடித்தார்கள்.

எயரின் துணிவை நான் மறுக்கவில்லை. ஆனால் இதே மனிதர்தான் 1865-இல் ஜமைக்காவின் ஆளுநராக இருந்து, மொரான்ட் பே கிளர்ச்சியை அடக்குவதாகச் சொல்லி நானூறுக்கும் மேற்பட்ட கறுப்பின மக்களைக் கொல்ல வைத்தவர். அவர் பெயர் முழு நெடுஞ்சாலைக்கும் இருக்கிறது. கடைசிவரை கூட நடந்தவனுக்கு எஸ்பரன்ஸ் பக்கம் ஒரு விரிகுடாவும் ஒரு மலைச்சரிவும்தான். இது நியாயமில்லை. பலகைகளில் 'எயர்–வைலி நெடுஞ்சாலை' என்று எழுத வேண்டும். அதுவரை, இந்த வழியாகப் போகிறவர்கள் யூக்லாவில் வண்டியை நிறுத்தி, அந்த ஊற்றுகளைத் தோண்டியவர்கள் யார், வைலி யார் என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.