கொங்கு நாட்டு மண்வீடு

கொங்கு நாட்டில் சுடாத மண்ணைச் சுவராக எழுப்பிக் கட்டப்பட்டு வந்த குடியிருப்பு. ஊருக்குள் இருந்தால் வீடு, தோட்டத்தில் இருந்தால் சாளை என்பது வட்டார வழக்கு. சுவர் இரு வகைப்படும்: குழைத்த மண்ணைக் கையால் அப்பி அடுக்கடுக்காக எழுப்பும் படைச்சுவர் ஒன்று, அச்சில் அறுத்து வெயிலில் காயவைத்த பச்சைக்கல்லைச் சேறு வைத்துக் கட்டுவது மற்றொன்று. கூரைக்குப் பனையோலை, மஞ்சம்புல், தென்னங்கீற்று ஆகியவையும், வசதி வந்த பின் நாட்டு ஓடும் பயன்பட்டன. நொய்யல் ஆற்றின் நடுப்பகுதியான சூலூர், கருமத்தம்பட்டி, சோமனூர், அவிநாசி வட்டாரத்தை முதன்மையாகக் கொண்டு இக்கட்டுரை அமைகிறது.

தொடக்கம்

நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் 1985இல் தொடங்கிய அகழாய்வுகளில் வாழ்விடத் தரைகளும் கம்பம் நட்ட குழிகளும் வெளிப்பட்டன. மண் சுவர் மண்ணோடு கலந்துவிடுவதால், குழிகளை வைத்தே கட்டடத்தை ஊகிக்க வேண்டியிருக்கிறது. சங்க நூல்களில் பெரும்பாணாற்றுப்படை ஈந்தின் ஓலை வேய்ந்த குடிசை முதலாகப் பலவகை வீடுகளைக் காட்டுகிறது. ஆனால் அது தொண்டை நாட்டுச் செய்தி.

சாந்து பூசும் உரிமை

இடைக்காலத்துக்குக் கரூர் பசுபதீசுவரர் கோயில் கல்வெட்டு ஒன்று அரிய சான்று. கோனேரின்மைகொண்டான் என்ற பட்டத்தோடு ஆணையிடும் அரசன், வெங்கால நாட்டுக் கம்மாளருக்குச் சில உரிமைகளை வழங்குகிறான். நன்மைக்கும் தீமைக்கும் இரட்டைச் சங்கு ஊதலாம், பேரிகை கொட்டலாம், வெளியே போகும்போது செருப்பு அணியலாம், தங்கள் வீட்டுச் சுவருக்குச் சாந்து இட்டுக்கொள்ளலாம். அப்பட்டத்தைப் பல அரசர்கள் சூடியிருப்பதால் இவன் யார் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. கொங்குச் சோழருள் ஒருவனாகக் கொள்வோர் பலர்.

அரச வரலாறு எப்படியிருந்தாலும், வீட்டின் வரலாற்றுக்கு இது ஒரு திறவுகோல். சுவருக்குச் சாந்து பூச அரசாணை வேண்டியிருந்தது என்றால், அது கைக்காசைப் பொறுத்த காரியமாக மட்டும் இருக்கவில்லை. பிறருக்குக் கோயிலும் மாளிகையும் கட்டித் தந்த தச்சரும் கல்தச்சரும் தங்கள் சுவரைப் பூசிக்கொள்ள எழுதி வாங்க வேண்டியிருந்தது. மண் சுவரை வெறும் மண்ணாகவே விட்டுவைத்ததில் சாதிக் கட்டுப்பாட்டுக்கும் பங்கு இருந்திருக்கலாம் என்று இக்கல்வெட்டைக் கொண்டு கருத இடமுண்டு.

புக்கானன் கண்ட வட்ட வீடு

திப்பு சுல்தான் 1799இல் வீழ்ந்தபின், கிழக்கிந்தியக் கம்பெனி அனுப்பிய மருத்துவர் பிரான்சிஸ் புக்கானன் 1800ஆம் ஆண்டின் பிற்பகுதியில் காவேரிபுரம் வழியாகக் கோயமுத்தூர்ச் சீமைக்குள் வந்தார். 1807இல் அச்சான அவரது பயண நூல் இங்குள்ள வீடுகளைத் தேன்கூட்டுக்கு ஒப்பிடுகிறது. ஏறத்தாழ மூன்றடி உயரத்தில் வட்டமான மண்சுவர். அதன்மேல் நீண்டு கூம்பிய புல்கூரை. புகை போகவும் வெளிச்சம் வரவும் ஒரே ஒரு சிறு வாசல். குடும்பத்துக்குப் படுக்க ஒரு குடிசை, சமைக்க ஒன்று, பண்டம் வைக்க ஒன்று. செல்வர்கள் குடிசைகளின் எண்ணிக்கையைக் கூட்டினார்களே தவிர, கட்டும் முறையைப் பெரும்பாலும் மாற்றவில்லை என்பது அவர் குறிப்பு.

காற்றோட்டமில்லை என்பது புக்கானன் சொல்லும் குறை. ஆனால் மூன்றடிச் சுவரின் பயனையும் இங்கே சொல்ல வேண்டும். கூரை தரையை நெருங்கிக் கவிழ்ந்து நிற்கும்போது சாரல் சுவரைத் தொடுவதே அரிது. மண்சுவருக்கு மழை எதிரி என்பதை அறிந்தவர்களின் அளவு அது.

இந்த வட்ட வடிவம் கொங்கு முழுமைக்கும் பொதுவானதா, வடபகுதிக்கு மட்டும் உரியதா என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. பின்னர் நீள்சதுர வீடு எங்கும் பரவியதற்கு ஓட்டுக்கூரையே காரணம் என்பர் சிலர். மங்களூரில் பாசல் மிஷன் 1865இல் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது. சென்னையிலிருந்து போத்தனூர் வழியாக மேற்குக் கடற்கரைக்கு 1862லேயே ரயில் பாதை போடப்பட்டிருந்தது. சீமை ஓடு உள்நாட்டுக்கு வர வழி எளிதாயிற்று. ஓட்டுக்கு நேரான கைமரமும் நேரான சுவரும் வேண்டும். இவ்விளக்கம் பொருத்தமாகவே தோன்றுகிறது. ஆயினும் ஓடு போடாத கூரை வீடுகளும் நீள்சதுரமாக மாறியதை இது முழுதாக விளக்கவில்லை.

வீடுகளுக்கு அப்பால், மண்ணின் பெரிய வேலைகள் கோட்டைகளில் நடந்தன. ஈரோட்டில் இருந்த மண்கோட்டை 1877 பஞ்சத்தில் நிவாரண வேலையாக இடித்துச் சமன் செய்யப்பட்டது. பசித்தவர்கள் கூலிக்கு அந்த மண்ணைச் சுமந்தார்கள்.

கட்டும் முறை

எப். ஏ. நிக்கல்சன் 1887இல் வெளியிட்ட கோயமுத்தூர் மாவட்டக் கையேடு கிணற்றுக்கும் பாசனத்துக்கும் நிறைய இடம் தருகிறது. வீட்டுக்கும் கிணற்றுக்கும் உள்ள உறவு நெருக்கமானது. ஆண்டுக்கு ஏறத்தாழ 600 முதல் 700 மில்லிமீட்டர் மழையே பெறும் இந்த மழைமறைவுப் பகுதியில் ஆழக் கிணறு வெட்டாமல் பண்ணையம் இல்லை. வெட்டும்போது மேலாக வரும் செம்மண் சுவருக்கு ஆகும். கீழே தட்டுப்படும் சுக்கான்கல்லைச் சுட்டால் சுண்ணாம்பு கிடைக்கும். மண்வெட்டிலும் கிணறு தோண்டுவதிலும் தேர்ந்த ஒட்டர் சமூகத்தைப் பற்றி இனவரைவியலாளர் எட்கர் தர்ஸ்டன் 1909இல் விரிவாக எழுதியிருக்கிறார்.

வேலை தை பிறந்து தொடங்கிச் சித்திரை மழைக்குள் முடியும். வானம் (அடித்தளப் பள்ளம்) பறித்துக் கருங்கல்லால் கடைக்கால் போடுவார்கள். தரைக்கு மேல் ஓரடியாவது கல் எழுந்தால்தான் ஈரம் ஏறாது. கரிசல் மண் காய்ந்தால் வெடிக்கும், வெறும் மணல் பிடிக்காது. இரண்டுக்கும் நடுவிலுள்ள செம்மண்ணே நல்லது. அதில் நறுக்கிய வைக்கோலைத் தூவித் தண்ணீர் விட்டு ஊறப்போட்டு, காலால் மிதித்தோ மாட்டை விட்டு மிதிக்க வைத்தோ புளிக்க விடுவார்கள். பதத்துக்கு வந்த மண்ணை உருண்டையாகப் பிடித்துக் கொடுக்க, சுவர்மேல் நிற்பவர் ஓங்கி அறைந்து வைப்பார். ஒன்றரை அடி கனம், ஒரு முழ உயரம் ஆனதும் அந்தப் படை நிற்கும். நான்கைந்து நாள் காய்ந்து, கட்டைவிரல் அமுங்காத நிலைக்கு வந்த பிறகே அடுத்த படை. அவசரப்பட்டு ஏற்றினால் கீழ்ப்படை பிதுங்கிவிடும். ஓரங்களை மண்வெட்டியால் செதுக்கி நேராக்குவது கடைசி வேலை.

பூச்சும் தரையும் பெண்கள் வேலை. சாணியும் மண்ணும் கரைத்து உள்ளங்கையால் வழிக்கும்போது சுவரில் பிறைபிறையாக விரல்தடம் விழும். ஒருவர் வழித்த சுவருக்கும் இன்னொருவர் வழித்ததற்கும் தடத்திலேயே வேறுபாடு தெரியும். பொங்கலுக்கு முன் சுவருக்குச் சுண்ணாம்பும் அடிப்பகுதிக்குச் செம்மண் பட்டையும் அடிப்பது ஆண்டுதோறும் நடந்தது. அந்த ஆண்டுப் பூச்சுதான் மண்வீட்டின் ஆயுள். இரண்டு மழைக்குப் பூசாமல் விட்டால் சுவர் கரையத் தொடங்கும்.

தறியும் தரையும்

கருமத்தம்பட்டி பற்றிய எழுத்துப் பதிவுகள் பெரும்பாலும் அங்குள்ள ஜெபமாலை அன்னை ஆலயத்தையும் மறைப்பணியையும் சுற்றியே அமைகின்றன. குடியிருப்புகளுக்கு அவற்றில் இடம் குறைவு. ஆனால் இவ்வட்டாரம் நெசவு வட்டாரம். நெசவாளர் வீட்டின் மண்தரையில் குழி பறித்து அமைத்தது குழித்தறி. நெய்பவர் தரையில் அமர்ந்து காலைக் குழிக்குள் விட்டு மிதிப்பார். மண்தரையும் குழியும் காக்கும் ஈரப்பதத்தால் பருத்திப் பாவு எளிதில் அறாது. கோடையில் தரைக்குத் தண்ணீர் தெளித்துவிட்டுத் தறியில் உட்காருவதும் உண்டு. இந்த வீட்டில் மண் சுவராக மட்டும் நிற்கவில்லை, தொழிற்கருவியின் ஒரு பாகமாகவே இருந்தது.

விசைத்தறி வந்தபோது நிலைமை தலைகீழானது. அதன் கனத்தையும் அதிர்வையும் தாங்க இறுகிய தளம் வேண்டும். சோமனூர், கருமத்தம்பட்டிப் பகுதியில் கைத்தறி குறைந்து விசைத்தறிக் கூடங்கள் பெருகியதும், தரையோடு சேர்ந்து சுவரும் மாறியது. மண்வீட்டைச் சிமெண்டு ஒழித்தது என்று பொதுவாகச் சொல்வது பாதி உண்மைதான். நெசவுப் பகுதியில் அதைத் தொழிலின் மாற்றமே முதலில் அசைத்தது.

சிமெண்டுக் காலம்

கோவையை அடுத்த மதுக்கரையில் 1934இல் சிமெண்டு ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. 1960களின் நடுவில் காங்கேயம் அருகே ஓலப்பாளையத்தில் தங்கி ஆய்வு செய்த மானுடவியலாளர் பிரெண்டா பெக், 1972இல் வெளியிட்ட நூலில் கொங்குக் குடியிருப்புகளின் அமைப்பை வரைபடங்களோடு பதிவு செய்திருக்கிறார். மண்சுவர்மேல் சிமெண்டுப் பூச்சு பூசும் வழக்கமும் பின்னர் பரவியது. சிமெண்டு ஈரத்தை வெளியே விடாததால் உள்ளே மண் இளகும், பூச்சு பலகையாகப் பெயர்ந்து விழும். பழைய வீடு பலவற்றின் முடிவு இப்படித்தான் வந்தது. 2010ஆம் ஆண்டின் கலைஞர் வீட்டு வசதித் திட்டம் குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக்குவதை நோக்கமாகக் கொண்டது.

அண்மைக் காலம்

மண் கட்டுமானத்தின் மறுவரவு இந்தியாவில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் அஸ்த்ரா குழு 1974 முதல் செய்த ஆய்வுகளாலும், 1989இல் உருவான ஆரோவில் நில நிறுவனத்தின் அழுத்து மண்கல் பயிற்சிகளாலும் வலுப்பெற்றது. இக்கல்லில் சுமார் 5 விழுக்காடு சிமெண்டு சேர்ப்பதால், இதை மண்வீடு எனலாமா என்பதில் இயற்கைக் கட்டுமானத்தார் உடன்படுவதில்லை. கோவை வெள்ளியங்கிரி அடிவாரத்தில் 1999இல் திறக்கப்பட்ட தியானலிங்கக் குவிமாடம் 76 அடி விட்டமுள்ளது. இரும்பும் சிமெண்டும் இன்றிச் செங்கல்லும் பதப்படுத்திய மண்சாந்தும் கொண்டு எழுப்பியதாக அதை நடத்தும் ஈஷா அமைப்பு தெரிவிக்கிறது.

கோவை அருகே தடாகம் பள்ளத்தாக்கில் செங்கல் சூளைகளுக்காகச் செம்மண் வெட்டியது வழக்குகளுக்கு உள்ளாகி, அனுமதியின்றி இயங்கிய சூளைகள் 2021இல் மூடப்பட்டன. 2024இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டம் 360 சதுர அடி வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய் வழங்குகிறது. 2030க்குள் குடிசையில்லாத் தமிழ்நாடு அதன் இலக்கு. கோவையைச் சுற்றிய தோட்டங்களில் ஆங்காங்கே புதிய மண்வீடுகள் எழுகின்றன. கட்டுவோர் பெரும்பாலும் நகரத்திலிருந்து திரும்பியவர்கள்.