ஆங்கில–போர்ச்சுகீசியக் கூட்டணி

இங்கிலாந்தும் (1707-க்குப் பின் பிரிட்டன்) போர்ச்சுகலும் 14ஆம் நூற்றாண்டில் செய்துகொண்ட உடன்படிக்கைகளிலிருந்து வளர்ந்த நட்புறவு. இன்றும் நடப்பிலுள்ள கூட்டணிகளில் உலகிலேயே மிகப் பழையதாக இது கருதப்படுகிறது. 1373ஆம் ஆண்டின் இலண்டன் உடன்படிக்கையும் 1386ஆம் ஆண்டின் வின்ட்சர் உடன்படிக்கையும் இதன் அடித்தளம். நிலவழியே ஸ்பெயின் ஒன்றையே அண்டை நாடாகக் கொண்ட போர்ச்சுகலுக்குக் கடல்வழியே வந்து சேரும் படைத்துணை வேண்டியிருந்தது. இங்கிலாந்துக்கு அட்லாண்டிக் கரையில் துறைமுகங்களும், தன் கம்பளித் துணிக்குச் சந்தையும் வேண்டியிருந்தன. பாதுகாப்பு உடன்பாடும் வணிக உடன்பாடும் பெரும்பாலும் ஒன்றையொன்று ஒட்டியே கையெழுத்தாயின. போர்ச்சுகல் தான் பெற்ற படைத்துணைக்குப் பல முறை சுங்கச் சலுகையாகவே ஈடு கொடுத்தது.

தோற்றம்

படைக்கு முன்பே வணிகம் வழி திறந்தது. 1353இல் போர்த்தோ நகர வணிகர் அஃபோன்சு மார்ட்டின்சு அல்யோ, இங்கிலாந்து மன்னர் மூன்றாம் எட்வர்டுடன் 50 ஆண்டு ஒப்பந்தம் ஒன்றைச் செய்துகொண்டார். இரு நாட்டு வணிகருக்கும் பாதுகாப்பு, இங்கிலாந்துக் கரையோரம் போர்ச்சுகீசியர் மீன்பிடிக்கும் உரிமை ஆகியவை அதில் இடம்பெற்றன. இருபது ஆண்டு கழித்து, 1373 ஜூன் 16 அன்று, இலண்டன் புனித பவுல் பேராலயத்தில் இரு அரசுகளும் நிலையான நட்புக்கும் பரஸ்பர உதவிக்கும் உறுதி கூறின.

1385 ஆகஸ்ட் 14 அன்று அல்யுபரோட்டாவில் பின்னாளில் ஸ்பெயினின் பகுதியான காஸ்டிலின் படையைப் போர்ச்சுகீசியர் முறியடித்தபோது அவர்களுடன் ஆங்கில வில்லாளர்களும் நின்றனர். அடுத்த ஆண்டு மே 9 அன்று கையெழுத்தான வின்ட்சர் உடன்படிக்கை, ஒரு நாட்டவர் மற்ற நாட்டில் உள்ளூராருக்கு நிகராக வாழவும் வணிகம் செய்யவும் இடமளித்தது. இங்கிலாந்துக்குப் பத்துப் போர்ப்படகுகளைத் தன் செலவில் அனுப்பப் போர்ச்சுகல் ஒப்புக்கொண்டது. 1387இல் போர்ச்சுகல் மன்னர் முதலாம் ஜோவானும் லங்காஸ்டர் கோமகனின் மகள் பிலிப்பாவும் மணந்துகொண்டனர். பின்னாளில் ஆப்பிரிக்கக் கரையோரக் கடற்பயணங்களை ஊக்குவித்த இளவரசர் ஹென்றி இவர்களுடைய மகன்.

முறிவும் மீட்சியும் (1580–1668)

1580இல் போர்ச்சுகலின் முடி ஸ்பெயின் மன்னரிடம் போனதும் கூட்டணி செயலற்றுப்போனது. 1588இல் இங்கிலாந்தைத் தாக்கப் புறப்பட்ட ஸ்பானிய ஆர்மடா கிளம்பியது லிஸ்பனிலிருந்துதான். 1640இல் பிரகான்சா குடும்பம் ஆட்சியைக் கைப்பற்றி விடுதலையை அறிவித்த பிறகு பழைய நட்பு மீண்டும் தேவைப்பட்டது. இம்முறை அதற்குக் கூடுதல் விலை கொடுக்க வேண்டியிருந்தது. 1654இல் இங்கிலாந்தின் கிராம்வெல் அரசுடன் செய்த உடன்படிக்கை ஆங்கில வணிகருக்குப் போர்ச்சுகீசியக் குடியேற்றங்களில் வணிக உரிமையும், சமயச் சுதந்திரமும், சுங்கத் தீர்வை 23 விழுக்காட்டுக்கு மேல் போகாது என்ற உறுதியும் தந்தது.

1661இன் திருமண உடன்படிக்கை இதைவிடப் பெரியது. இரண்டாம் சார்லசை மணந்த பிரகான்சா கேத்தரினின் சீதனமாகப் பம்பாயும் டாஞ்சியரும் 20 லட்சம் குரூசாடோ பணமும் இங்கிலாந்துக்குப் போயின. பதிலுக்கு இங்கிலாந்து போர்க்கப்பல்களையும் சுமார் 3,000 படைவீரரையும் தர ஒப்புக்கொண்டது. அந்தப் படையினர் அமெய்ஷியால் (1663), மான்ட்டிஸ் கிளாரோஸ் (1665) போர்களில் ஸ்பெயினுக்கு எதிராகப் போரிட்டனர். 1668இல் ஸ்பெயின் போர்ச்சுகலின் விடுதலையை ஏற்றது. அதே ஆண்டில் சார்லஸ் மன்னர் பம்பாயை ஆண்டுக்கு 10 பவுன் வாடகைக்குக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் ஒப்படைத்தார். இந்தியாவின் மேற்குக் கரையில் ஆங்கிலேயர் காலூன்றிய வரலாறு இவ்வாறு ஓர் ஐரோப்பியப் பாதுகாப்பு ஒப்பந்தத்தின் பக்கவிளைவாக அமைந்தது.

மெத்துவன் உடன்படிக்கைகள் (1703)

ஸ்பானிய வாரிசுரிமைப் போரில் போர்ச்சுகலைப் பிரான்சின் பக்கமிருந்து இழுக்க ஆங்கிலத் தூதர் ஜான் மெத்துவன் முயன்றார். 1703 மே மாதத்தில் படைக் கூட்டணி கையெழுத்தானது. டிசம்பர் 27 அன்று மூன்றே பிரிவுகள் கொண்ட வணிக உடன்படிக்கை அதைத் தொடர்ந்தது. ஆங்கிலக் கம்பளித் துணி போர்ச்சுகலுக்குள் தடையின்றி வரலாம். போர்ச்சுகீசியத் திராட்சை மதுவுக்கான தீர்வை பிரெஞ்சு மதுவுக்கு உள்ளதைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருக்கும். சாரம் இவ்வளவுதான்.

டோரோ பள்ளத்தாக்கின் போர்ட் மது ஆங்கிலேயரின் விருப்ப மதுவானது. 1756இல் போர்ச்சுகீசிய அமைச்சர் பொம்பால் கோமகன் அதன் விளைநிலங்களுக்கு எல்லை வகுத்து, ஒரு கம்பெனியையும் அமைத்தார். மறுபுறம், எரிசெய்ரா கோமகன் 1670களில் இறக்குமதித் துணிக்குத் தடை விதித்து வளர்க்க முயன்ற உள்நாட்டு நெசவுத் தொழில் போட்டியில் பின்தங்கியது. மது விற்ற பணம் துணி வாங்கப் போதவில்லை. பிரேசிலில் வெட்டியெடுத்த தங்கம் அந்தப் பற்றாக்குறையை ஈடுகட்டி இலண்டனுக்குச் சென்றது. போர்ச்சுகலின் தொழில் தேக்கத்துக்கு இந்த உடன்படிக்கையே காரணம் என ஒரு சாராரும், எளிதில் கிடைத்த தங்கமே காரணம் என மற்றொரு சாராரும் வாதிட்டு வருகின்றனர்.

1817இல் டேவிட் ரிக்கார்டோ ஒப்பீட்டு நன்மைக் கோட்பாட்டை விளக்க எடுத்தாண்டது இந்த வணிகத்தைத்தான். அவருடைய கணக்கில் துணிக்கு இங்கிலாந்தில் 100 ஆட்களின் ஓராண்டு உழைப்பும் போர்ச்சுகலில் 90 ஆட்களின் உழைப்பும் தேவை. மதுவுக்கு முறையே 120, 80. இரண்டிலும் போர்ச்சுகலே திறமை மிக்கதாயினும், மதுவை விற்றுத் துணியை வாங்குவதே அதற்கு லாபம் என்றார். அந்தச் சரக்குப் பரிமாற்றத்தின் பின்னால் இருந்த படை ஒப்பந்தத்துக்கு அக்கணக்கில் இடமில்லை.

நெப்போலியன் காலம்

1807இல் பிரெஞ்சுப் படை லிஸ்பனை நெருங்கியபோது, போர்ச்சுகீசிய அரச குடும்பம் பிரிட்டிஷ் கடற்படையின் காவலுடன் பிரேசிலுக்குக் கப்பலேறியது. 1808 ஆகஸ்டில் பின்னாளைய வெலிங்டன் கோமகனின் படை போர்ச்சுகலில் இறங்கியது. 1810இல் லிஸ்பனைக் காத்த டோரஸ் வெட்ராஸ் அரண்களைப் பிரெஞ்சுக்காரரால் தாண்ட முடியவில்லை. அதே 1810இல் கையெழுத்தான வணிக உடன்படிக்கை பிரிட்டிஷ் சரக்குக்கு 15 விழுக்காடு தீர்வையே விதித்தது. பிற நாட்டுச் சரக்குக்கு அது 24 விழுக்காடு. பிரிட்டிஷ் தளபதி பெரஸ்ஃபோர்டு போருக்குப் பின்னும் போர்ச்சுகீசியப் படையின் தலைமையில் நீடித்தார். இந்த ஆதிக்கத்தின் மீதான வெறுப்பு 1820 புரட்சிக்கான காரணங்களில் ஒன்று.

இறுதி எச்சரிக்கை (1890)

அங்கோலாவையும் மொசாம்பிக்கையும் இணைத்து ஆப்பிரிக்காவின் குறுக்கே ஒரே நிலப்பரப்பை உருவாக்கப் போர்ச்சுகல் திட்டமிட்டது. அது கெய்ரோ முதல் கேப் வரையிலான பிரிட்டிஷ் கனவோடு மோதியது. 1890 ஜனவரி 11 அன்று பிரிட்டன் விடுத்த இறுதி எச்சரிக்கைக்குப் போர்ச்சுகல் பணிந்தது. மக்களிடையே எழுந்த அவமான உணர்வு முடியாட்சியின் செல்வாக்கை அரித்தது. 1910இல் குடியரசு மலர்ந்தது. கூட்டாளியிடமிருந்தே தன்னைக் காக்க இந்த நட்பு உதவாது என்பதை அந்த இறுதி எச்சரிக்கை காட்டியது. ஆயினும் 1899இல் இரு அரசுகளும் பழைய உடன்படிக்கைகளை மறைவாக மீண்டும் உறுதிசெய்தன.

இருபதாம் நூற்றாண்டு

1916இல் பிரிட்டனின் வேண்டுகோளுக்கு இணங்கித் தன் துறைமுகங்களிலிருந்த ஜெர்மன் கப்பல்களைப் போர்ச்சுகல் கைப்பற்றியது. மார்ச் 9 அன்று ஜெர்மனி அதன் மீது போர் தொடுத்தது. இரண்டாம் உலகப் போரில் போர்ச்சுகீசியப் பிரதமர் சலசார் நடுநிலை வகித்து, ஆயுத எஃகுக்குத் தேவையான டங்ஸ்டன் தாதுவை 1944 வரை இரு தரப்புக்கும் விற்றார். எனினும் 1943இல் அசோர்ஸ் தீவுகளில் தளம் அமைக்கப் பிரிட்டனுக்கு இடமளித்தார். அக்டோபர் 12 அன்று நாடாளுமன்றத்தில் இதை அறிவித்த பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சில் 1373 உடன்படிக்கையைச் சான்றாகக் காட்டினார்.

1961 டிசம்பரில் இந்தியா கோவாவை மீட்டபோது சலசார் அதே கூட்டணியை நினைவூட்டி உதவி கேட்டார். காமன்வெல்த் உறுப்பு நாட்டுக்கு எதிராகப் போரிட முடியாது எனப் பிரிட்டன் கைவிரித்தது. 1982 ஃபாக்லந்து போரின்போது போர்ச்சுகல் அசோர்ஸ் வசதிகளைப் பிரிட்டனுக்குத் தர முன்வந்தது.

இன்றைய நிலை

இரு நாடுகளும் 1949இல் நேட்டோவையும், 1960இல் ஐரோப்பியத் தடையில்லா வணிகச் சங்கத்தையும் நிறுவியவற்றுள் அடங்கும். போர்ச்சுகல் 1986இல் ஐரோப்பியச் சமூகத்தில் இணைந்தது. பிரிட்டன் 2020இல் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியது. 2022 ஜூனில் வணிகம், பாதுகாப்பு உள்ளிட்ட துறைகளில் ஒத்துழைக்கக் கூட்டறிக்கை வெளியாயிற்று; 2023இல் 650ஆம் ஆண்டு நிறைவு கொண்டாடப்பட்டது. ஆனால் சுங்கத் தீர்வையை இவ்விரு நாடுகளும் இனித் தனியே பேசி முடிக்க இயலாது: போர்ச்சுகலின் வணிகக் கொள்கை பிரஸ்ஸல்சில் வகுக்கப்படுகிறது, படைக் கடமைகள் நேட்டோவைச் சார்ந்துள்ளன. 1661, 1703, 1810 ஆகிய ஆண்டுகளில் நடந்ததுபோல் படையையும் சந்தையையும் ஒரே பேரத்தில் மாற்றிக்கொள்ளும் வாய்ப்பு இன்று இரு தலைநகரங்களிடமும் இல்லை.