ஸ்ரீரங்கப்பட்டணமும் சஸ்திர சிகிச்சையும்

குடகிலே பிறந்து வரும் காவிரி, மைசூருக்கு வடகிழக்கே இரு கிளைகளாகப் பிரிந்து மீண்டும் கூடுகிறது. அவ்விரு கிளைகளுக்கும் நடுவே அமைந்த தீவுதான் ஸ்ரீரங்கப்பட்டணம். அரங்கநாதரைச் சேவிப்பதற்கும் திப்பு சுல்தானின் கோட்டையைக் காண்பதற்கும் நம்மில் பலர் அங்கே சென்று வருகிறோம். அவ்வூரின் பெயர் வைத்திய சரித்திரத்திலும் இடம் பெற்றிருக்கிறது என்பது நேயர்கள் பலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம்.

1790 முதல் 1792 வரை மூன்றாம் மைசூர்ப் போர் நடைபெற்றது. ஆங்கிலேயப் படையில் எருது ஓட்டும் பணியில் இருந்த கவாஸ்ஜி என்னும் மராத்தியர் திப்புவின் தரப்பினரிடம் சிறைப்பட்டார். அவருடைய மூக்கும் ஒரு கையும் வெட்டப்பட்டன. அந்நிலையிலேயே அவர் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு அருகே இருந்த பம்பாய்ப் படையை வந்தடைந்தார். ஓராண்டுக்கு மேல் மூக்கின்றியே வாழ்ந்தார். பின்னர் பூனாவுக்கு அருகே, செங்கல் அறுக்கும் குலத்தைச் சேர்ந்த ஒருவர் அவருக்குப் புதியதொரு மூக்கை அமைத்துக் கொடுத்தார்.

அவர் செய்த முறை எளியது. ஆனால் மிக நுட்பமானது. மெழுகுத் தகட்டினால் மூக்கின் அளவை எடுத்து, அதனை விரித்து நெற்றியில் வைத்துக் கோடு வரைந்தார். கோட்டின் வழியே தோலை அறுத்துப் பிரித்தார். புருவங்களுக்கு நடுவே சிறு துண்டை மட்டும் அறுக்காமல் விட்டு, தோலைத் திருப்பிக் கீழே இறக்கிப் பொருத்தினார். காசுக்கட்டியை நீரில் குழைத்துத் துணியில் தடவி ஒட்டினார். அறுக்காமல் விட்ட துண்டின் வழியே இரத்தம் ஓடியதால் புதிய மூக்கு உயிரோடு ஒட்டிக்கொண்டது. ஏறத்தாழ இருபத்தைந்தாம் நாள் அத்துண்டும் அறுக்கப்பட்டது. இச்செய்தி 1794ஆம் ஆண்டு அக்டோபரில் லண்டன் பத்திரிகை ஒன்றில் படத்துடன் வெளியாயிற்று. அதனைப் பின்பற்றி 1814இல் லண்டனில் கார்ப்யூ என்ற மருத்துவர் மூக்கமைத்து வெற்றி கண்டார்.

மூக்கையே புதிதாகப் படைக்க வல்ல கைகள் இருந்த அக்காலத்தில், வயிற்றிலே குண்டு பாய்ந்த போர்வீரனின் கதி என்ன? அவனுக்குக் கட்டுப்போட்டுத் தண்ணீர் கொடுப்பதற்கு மேல் பெரும்பாலும் எவராலும் எதுவும் செய்ய இயலவில்லை. இந்த வேறுபாட்டுக்குக் காரணம் கைத்திறனின் குறைவு அன்று. முகத்திலே இரத்த ஓட்டம் மிகுதி. சீழ் பிடித்தாலும் வெளியே வடிந்துவிடும். வயிற்றின் உட்புறத்தையோ பெரிடோனியம் என்னும் மெல்லிய சவ்வு போர்த்தியிருக்கிறது. குடல் கிழிந்து அழுக்கு அதிலே பட்டால், சீழ் வயிறு முழுவதும் பரவி உயிரையே குடித்துவிடும்.

வயிற்றைத் திறக்கும் எண்ணம் நம் நாட்டில் பண்டைக்காலத்திலேயே தோன்றியது. தொப்புளுக்குக் கீழே இடப்புறத்தில் கீறிக் குடலை வெளியே எடுத்து, அடைப்பை நீக்கித் தேனும் நெய்யும் தடவி உள்ளே வைத்துத் தைக்கும் முறையைச் சுசுருத சம்ஹிதை கூறுகிறது. கிழிந்த குடலின் விளிம்புகளைக் கட்டெறும்புகளைக் கொண்டு கடிக்கச் செய்து, உடலைக் கிள்ளி எறிந்து தலைகளைத் தையலாக விட்டுவிடும் உபாயத்தையும் அந்நூலில் காண்கிறோம்.

அமெரிக்காவிலே 1809ஆம் ஆண்டில் மக்டவல் என்பவர் ஒரு மாதின் வயிற்றைத் திறந்து, 22 ராத்தலுக்கு மேற்பட்ட சூலகக் கட்டியை அகற்றினார். மயக்க மருந்து கிடையாது. அம்மாது விழித்தபடியே அதைத் தாங்கினார். அதன் பின் 32 ஆண்டுகள் வாழ்ந்தார். ஆயினும் ஒருவர் பிழைத்தார் என்பதால் அது எல்லோருக்கும் உரிய வழியாகிவிடவில்லை. 1846இல் ஈதர் மயக்கமும், 1867இல் லிஸ்டர் வெளியிட்ட கிருமி ஒழிப்பு முறையும், 1901இல் லாண்ட்ஸ்டைனர் விளக்கிய இரத்தப் பிரிவுகளும் வந்த பின்னரே வயிற்றின் வாசல் பத்திரமாகத் திறந்தது.

அப்போதும் தயக்கம் நீங்கவில்லை. 1899 முதல் 1902 வரை நடந்த தென்னாப்பிரிக்கப் போரில், வயிற்றில் குண்டடிபட்டோரைத் திறக்காமல் விடுவதே நலம் என்று மருத்துவர்கள் கருதினர். காயம்பட்டவர்கள் வந்து சேர நெடுநேரம் ஆயிற்று. தூசும் தண்ணீர்ப் பஞ்சமும் வேறு. முதல் உலகப் போரில் போர்முனைக்கு அருகிலேயே சிகிச்சை நிலையங்கள் அமைந்தன. சில மணி நேரத்துக்குள் வயிற்றைத் திறந்து, கிழிந்த குடலைத் தைத்தால் பலர் பிழைப்பதை மருத்துவர்கள் கண்டனர். கத்தி அதே கத்திதான். மாறியது காலம் தவறாமை.

இன்று இச்சிகிச்சையினால் பிழைப்போர் எண்ணற்றோர். விபத்தில் கல்லீரலோ மண்ணீரலோ கிழிந்து இரத்தம் பெருகும்போதும், குடல் முறுக்கிக்கொள்ளும்போதும், கருப்பைக்கு வெளியே தங்கிய கரு வெடிக்கும்போதும் வயிற்றைத் திறப்பதே பெரும்பாலும் உயிர் காக்கும் வழியாகிறது. நம் வீட்டுக் குழந்தைகள் பலர் சிசேரியன் வழியே உலகைக் கண்டவர்கள்.

ஆயினும் இதன் அபாயங்களை மறைப்பது அறமாகாது. இரத்தப் பெருக்கு நேரலாம். காயத்தில் சீழ் பிடிக்கலாம். காலின் இரத்தக் குழாயில் உறைந்த கட்டி நுரையீரலை அடைக்கலாம். பல ஆண்டுகளுக்குப் பின்னும் குடல்கள் ஒட்டிக்கொண்டு அடைப்பு உண்டாகலாம். தையலிட்ட இடம் தளர்ந்து குடல் பிதுங்கலாம். இவற்றைக் குறைக்கவே சிறு துளைகளின் வழியே கருவிகளைச் செலுத்தும் லேப்ராஸ்கோப்பி முறை தோன்றியது. 1990இல் மும்பையில் டாக்டர் உத்வாடியா இம்முறையில் பித்தப்பையை அகற்றினார். எனினும் இரத்தம் வெள்ளமாய்ப் பெருகும் வேளையில் வயிற்றை அகலத் திறப்பதே இன்றும் விரைவான வழி.

"கத்தி வைக்காமல் குணமாகாதா?" என்று கேட்பது நம் இயல்பு. அது நியாயமான கேள்வியே. மருத்துவரிடம் கேட்கத்தான் வேண்டும். ஆனால் வயிறு கல்லாக இறுகி வலிக்கும்போது விளக்கெண்ணெய் கொடுத்து விடியும்வரை பார்ப்போம் என்று காத்திருப்பது தீராத் துயருக்கு இடமாகும். கத்தியினால் வரும் அபாயம் ஒன்று. காலம் தாழ்த்துவதால் வரும் அபாயம் மற்றொன்று. இரண்டையும் சீர்தூக்கிப் பார்க்கும் அறிவே சஸ்திர சிகிச்சையின் சாரம்.

1799ஆம் ஆண்டு மே மாதம் 4ஆம் நாள் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. அன்று வயிற்றிலே காயம்பட்டு, இரு தரப்பிலும் மடிந்த பெயர் தெரியாத வீரர்கள் பலர். அவர்களுக்குக் கிட்டாத வாய்ப்பு நமக்குக் கிட்டியிருக்கிறது. அடுத்த முறை அத்தீவில் காவிரிக் கரையில் நிற்கும்போது, மூக்கை மீண்டும் பெற்ற கவாஸ்ஜியோடு அவர்களையும் நினைப்போமாக.