எல்லைச் சுவர்கள்

எல்லைச் சுவர் என்பது ஓர் அரசின் நிலப்பரப்பு முடியும் இடத்தில், அல்லது முடிகிறது என்று அவ்வரசு காட்ட விரும்பும் இடத்தில், நெடுந்தொலைவுக்கு எழுப்பப்படும் தடுப்பு. ஊரை வளைத்து நிற்கும் மதில் வேறு, இது வேறு. மதில் தன்னைத் தானே சுற்றி மூடிக்கொள்ளும். எல்லைச் சுவர் கோடாக ஓடி, மலையிலோ கடலிலோ ஆற்றிலோ போய் முட்டும். கல், செங்கல், இடித்து இறுக்கிய மண், முள்மரம், கம்பி, கான்கிரீட் என்று கட்டுபொருள் காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. பழந்தமிழ் நூல்கள் காவற்காட்டுக்கு மிளை என்று தனிப்பெயர் வைத்து அதையும் அரணாக எண்ணின. ஆகவே முள்வேலியைச் சுவர்க் கணக்கில் சேர்ப்பது தமிழ் வாசகருக்குப் புதுமையாகத் தோன்றாது.

இத்தகைய சுவர்கள் படையெடுப்பைத் தடுக்கக் கட்டப்பட்டவை என்று பாடநூல்கள் சொல்கின்றன. அது பாதி உண்மை. பெரும்படை திரண்டு வந்தபோது தாக்குப்பிடித்த நெடுஞ்சுவர்கள் மிகச் சில. தனியாள், மாட்டுமந்தை, உப்பு மூட்டை, ஓடிப்போன அடிமை, வரி கட்டாத வணிகன் ஆகியோரிடத்தில்தான் சுவர் தன் வேலையைச் சரியாகச் செய்தது. ஒரு சுவரைப் பற்றி அறிய விரும்புபவர் அதன் உயரத்தை அளப்பதற்கு முன் வாசல்களைக் கவனிக்க வேண்டும்: எத்தனை வாசல், எப்போது திறக்கும், எதைக் கொடுத்தால் திறக்கும்.

பழமையான சான்று

எழுத்துச் சான்றுள்ள மிகப் பழைய எல்லைச் சுவர்களில் ஒன்று சுமேரியாவில் இருந்தது. கி.மு. 21ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஊர் நகரத்து அரசன் ஷூ-சின், மேய்ச்சல் குடிகளான அமோரியரை விலக்கி வைக்க ஒரு சுவர் எழுப்பினான். ‘தித்னூமை அப்பால் நிறுத்துவது’ என்பது அதன் பெயர்; தித்னூம் என்பது அக்குடிகளில் ஒரு பிரிவு. ஆண்டுகளுக்கு எண் இடாமல் பெயர் இடுவது அங்கே வழக்கம் என்பதால், சுவர் கட்டிய ஆண்டுக்கே அச்சுவரின் பெயர் வந்தது. ஏறத்தாழ கி.மு. 2004இல் ஊர் நகரம் வீழ்ந்தது. அதைச் சூறையாடியவர்கள் சுவர் யாருக்காகக் கட்டப்பட்டதோ அவர்கள் அல்லர். கிழக்கேயிருந்து வந்த ஏலமியர்.

சீனம்: வான்வயலும் குதிரைச் சந்தையும்

சீனப் பெருஞ்சுவர் என்பது ஒரே சுவரன்று. வெவ்வேறு அரசுகள், வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு தடங்களில் கட்டியவற்றுக்கு ஒரு பெயர் நிலைத்துவிட்டது. கி.மு. 221இல் நாட்டை ஒன்றாக்கிய சின் ஷி ஹுவாங், தளபதி மெங் தியானை அனுப்பி வடக்கிலிருந்த பழைய மண்சுவர்களை இணைத்தான். இன்று சுற்றுலாப் படங்களில் வரும் செங்கல் சுவர் அதற்கு ஏறத்தாழ 1,700 ஆண்டுகள் பிந்திய மிங் காலத்தது. எல்லாக் காலத்துச் சுவர்களையும் கூட்டி 21,196 கிலோமீட்டர் என்று சீன அரசின் 2012ஆம் ஆண்டு அளவை அறிவித்தது. அதில் அகழிகளும் இயற்கைத் தடைகளும் அடக்கம். விண்வெளியிலிருந்து வெறுங்கண்ணுக்குத் தெரியும் என்ற கதையை, 2003இல் விண்வெளிக்குச் சென்று திரும்பிய சீனர் யாங் லிவெய் தாமே மறுத்தார். கதை இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

சுவரின் அன்றாட வேலையைக் காட்டும் சான்று கோபிப் பாலையின் விளிம்பில், எட்சின் ஆற்றங்கரையில் கிடைத்தது. ஹான் காலக் காவல் நிலையங்களின் இடிபாடுகளில் 1930இல் ஏறத்தாழ 10,000 மரச்சுவடிகள் அகப்பட்டன. சம்பளப் பட்டியல், ஆயுதக் கணக்கு, பயண அனுமதி எனப் பெரும்பாலும் அலுவலகக் குப்பை. வரலாற்றாசிரியருக்கு அதுவே புதையல். அவற்றில் ‘வான்வயல்’ என்றொரு சொல் வருகிறது. சுவரை ஒட்டி, பரம்படித்த வயல்போல் சமன்செய்த மணற்பட்டை அது. காவலர் நாள்தோறும் அதன் ஓரமாக நடந்து காலடித் தடம் உண்டா என்று பார்த்து எழுதிவைக்க வேண்டும். உள்ளே வந்த தடம் மட்டுமன்று, வெளியே போன தடமும் கணக்கில் ஏற வேண்டும்.

வெளியே யார் போவார்கள்? கி.மு. 33இல் வடக்கு மேய்ச்சல் குடிகளான சியோங்னுவின் தலைவன் ஹூஹான்யே, எல்லையை இனித் தானே காத்துக்கொள்வதாகவும் ஹான் அரசு காவலை எடுத்துவிடலாம் என்றும் சொன்னான். அரசவையில் பலரும் மகிழ்ந்தனர். ஹோ யிங் என்ற அதிகாரி மட்டும் பத்துக் காரணங்கள் அடுக்கி மறுத்தார். எல்லையோர மக்களின் அடிமைகள் ஓடிப்போவார்கள், குற்றம் செய்தவர்கள் தப்புவார்கள், முன்பு பிடிபட்ட படைவீரர்களின் உறவினர் அவர்களைத் தேடிப் போவார்கள் என்பவை அவற்றுள் சில. பேரரசர் அவர் சொன்னதையே ஏற்றார். சுவர் இரண்டு பக்கமும் பார்க்கும் என்பதை இவ்வளவு வெளிப்படையாக ஒப்புக்கொண்ட அரசு ஆவணம் பழங்காலத்தில் அரிது.

மிங் காலச் சுவரின் கதை சந்தையைச் சுற்றியது. மங்கோலியருக்குத் துணியும் தேயிலையும் தானியமும் வேண்டும். சீனருக்குக் குதிரை வேண்டும். மிங் அரசவை வணிகத்தை மறுத்தபோதெல்லாம் கொள்ளை பெருகியது. கொள்ளை பெருகியபோதெல்லாம் சுவர் நீண்டது. மங்கோலியத் தலைவன் அல்தான் கான் பலமுறை சந்தை கேட்டும் கிடைக்காமல் 1550இல் பெய்ஜிங்கின் புறநகர்களையே எரித்தான். 1571இல் உடன்படிக்கை ஏற்பட்டு எல்லையோரக் குதிரைச் சந்தைகள் திறந்த பின் அப்பகுதியில் பெரும் தாக்குதல்கள் அடங்கின. கடைசியில் 1644இல் மஞ்சூரியர் சுவரை உடைத்து வரவில்லை. பெய்ஜிங் உள்நாட்டுக் கலகப்படையிடம் விழுந்திருந்த நிலையில், ஷான்ஹாய்க் கணவாயைக் காத்த தளபதி வூ சாங்குய் வாசலைத் திறந்துவிட்டார்.

அமெரிக்க அறிஞர் ஓவன் லாட்டிமோர் 1940இல் வெளியிட்ட நூலில், இந்தச் சுவர் உழவர் நிலத்தையும் மேய்ச்சல் நிலத்தையும் துல்லியமாகப் பிரிக்கும் கோடு அன்று என்று காட்டினார். நடுவே இரண்டும் கலந்த அகன்ற நிலம் கிடந்தது. அங்கே பயிரும் இருந்தது, மந்தையும் இருந்தது, இரு பக்கத்து மொழியும் பேசுவோர் இருந்தனர். எல்லைநிலம் என்ற கருத்துக்கு இன்றும் இதுவே நல்ல விளக்கம்.

ரோமானிய எல்லை

பிரிட்டனின் வடக்கே பேரரசர் ஹேட்ரியன் கி.பி. 122இல் தொடங்கிய சுவர், டைன் ஆற்றுமுகத்திலிருந்து சால்வே கழி வரை 117 கிலோமீட்டர் நீளும். ஒவ்வொரு ரோமானிய மைலுக்கும் ஒரு சிறு கோட்டை; ஏறக்குறைய ஒவ்வொன்றிலும் வடக்கு நோக்கி ஒரு வாசல். எதிரியை முழுதாக அடைக்க நினைப்பவர் எண்பது வாசல் வைக்கமாட்டார். போக்குவரவைக் குறிப்பிட்ட இடங்களுக்குத் திருப்பி, கண்காணித்து, வரி வாங்குவதற்கு இந்த அமைப்பு கச்சிதம். சுவரின் தெற்கே, அதாவது பேரரசின் உட்புறத்தில், இரு கரைகளுக்கு நடுவே இன்னோர் அகழி ஓடுகிறது. ராணுவ நிலத்தைத் தன் சொந்தக் குடிகளிடமிருந்தே பிரித்துவைக்கும் ஏற்பாடு அது என்று பல ஆய்வாளர் கருதுகின்றனர்.

எல்லைநிலத்தில் எப்படிப்பட்டவர்கள் வாழ்ந்தார்கள் என்பதற்குச் சவுத் ஷீல்ட்ஸ் கோட்டையருகே கிடைத்த கல்லறைக் கல் ஒன்று போதும். சிரியாவின் பல்மைரா நகரத்தவனான பாரதேஸ் தன் மனைவி ரெஜினாவுக்கு நிறுத்தியது. அவள் தென் பிரிட்டனின் கட்டுவெல்லௌனி குடியினள். முன்பு அவனுடைய அடிமையாக இருந்து விடுதலை பெற்றவள். லத்தீன் வாசகத்தில் பிழைகள் உண்டு. அதன்கீழ் பல்மைரா எழுத்தில் பொறித்த ஒற்றை வரி மட்டும் பிசகின்றி, அழகாக இருக்கிறது. ரோமானியர் அல்லாத இருவர் ரோமானிய எல்லையில் குடும்பம் நடத்தியிருக்கிறார்கள்.

நெடுஞ்சுவர் ரோமானியரோடு நிற்கவில்லை. பாரசீகத்து சாசானியர் காஸ்பியன் கடலின் தென்கிழக்கே கட்டிய கோர்கான் சுவர் ஏறத்தாழ 200 கிலோமீட்டர் நீளமுடையது. செங்கல் சூளைகள் சுவரின் நெடுகிலும் இருந்தன. நமக்கு அண்மையில் திருவிதாங்கூர் அரசு 18ஆம் நூற்றாண்டில் கொச்சி எல்லையில் எழுப்பிய நெடுங்கோட்டை மண்ணாலும் மூங்கில் புதராலும் ஆனது. 1789 டிசம்பர் இறுதியில் திப்பு சுல்தானின் முதல் தாக்குதலை அது தாங்கியது; 1790 ஏப்ரலில் பிளந்தது. மூன்றாம் மைசூர்ப் போருக்கு உடனடிக் காரணமானதும் இந்தச் சுவர்தான்.

உப்புக்காக வளர்த்த வேலி

உலகின் விந்தையான எல்லைச் சுவர் இந்தியாவில் பச்சையாக வளர்ந்தது. பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதியில் உப்புவரி கடுமை. ராஜபுதன சமஸ்தானங்களின் சாம்பார் ஏரி உப்போ மலிவு. அந்த உப்பு வரி கட்டாமல் உள்ளே வருவதைத் தடுக்க உள்நாட்டுச் சுங்கக் கோடு உருவானது. 1869 அளவில் அது சிந்து ஆற்றிலிருந்து மகாநதி வரை சுமார் 3,700 கிலோமீட்டர் நீண்டு கிடந்தது. காவலுக்கு ஏறக்குறைய 12,000 பேர்.

முதலில் வெட்டிப்போட்ட காய்ந்த முள்தான் வேலி. அது கறையான் அரித்தது, தீப்பற்றியது, காற்றில் பறந்தது. 1867 முதல் சுங்க ஆணையராக இருந்த ஆலன் ஆக்டேவியன் ஹியூம், உயிர்வேலியே மலிவு என்று முடிவுசெய்து அதில் முனைந்தார். மண்ணுக்கேற்ப இலந்தை, கருவேல், களா, கள்ளி, சப்பாத்தி, மூங்கில் நடப்பட்டன. மண் உதவாத இடத்தில் குழி தோண்டி வேறு மண் கொண்டுவந்து கொட்டினார்கள். நன்கு வளர்ந்த இடங்களில் வேலி பத்தடிக்கு மேல் உயர்ந்து, ஒரு மாட்டு வண்டியின் அகலத்துக்குத் தடித்தது. நம் கிராமத்தில் கொல்லைக்குப் போடும் வேலிதான். அளவுதான் கண்டம் தழுவியது.

உப்புக் கடத்துவோர் வேலியைத் தாண்டி மூட்டையை வீசினார்கள். ஒட்டகங்களை ஓட்டி முட்டிப் பிளந்தார்கள். காவலரோடு பங்கும் போட்டார்கள். உப்பு மிகக் குறைந்த அளவே தேவைப்படும் பொருள், ஆனால் தவிர்க்க முடியாதது. ஆதலால் அதன் மீதான வரி ஏழையின் மீதே விழுந்தது. சாம்பார் ஏரியையே குத்தகைக்கு எடுத்து, உப்பு விளையும் இடத்திலேயே வரி வாங்கும் ஏற்பாடு வந்த பின், 1879 ஏப்ரல் 1 அன்று கோட்டின் பெரும்பகுதி கைவிடப்பட்டது. வரி மட்டும் நீடித்தது. 1930இல் தண்டிக்கும் வேதாரண்யத்துக்கும் மக்கள் நடந்ததற்குக் காரணம் அந்த வரி. வேலி வளர்த்த ஹியூமோ 1885இல் இந்திய தேசிய காங்கிரசைத் தோற்றுவித்தவர்களில் முதன்மையானவர் ஆனார். வேலி மக்கள் நினைவிலிருந்தே மறைந்துபோயிற்று. ராய் மாக்ஸம் என்ற ஆங்கிலேய நூல்பராமரிப்பாளர் ஒரு பழைய புத்தகத்தின் குறிப்பைப் பிடித்துக்கொண்டு பல பயணங்கள் தேடி, அதன் எச்சத்தை உத்தரப் பிரதேசத்தில் கண்டு 2001இல் நூலாக எழுதினார்.

இருபதாம் நூற்றாண்டும் பின்னரும்

1949 முதல் 1961 வரை கிழக்கு ஜெர்மனியை விட்டு மேற்கே போனவர்கள் ஏறத்தாழ 27 லட்சம். 1961 ஆகஸ்ட் 13 விடியலில் பெர்லினில் கம்பி சுற்றப்பட்டது. பின் அது கான்கிரீட் ஆனது. மேற்கு பெர்லினைச் சுற்றி 155 கிலோமீட்டர். கிழக்கு ஜெர்மன் அரசு இதைப் பாசிசத்தைத் தடுக்கும் அரண் என்று அழைத்தது; காவல் கோபுரங்களின் துப்பாக்கிகள் பெரும்பாலும் உள்பக்கமே பார்த்தன. குறைந்தது 140 பேர் அங்கே உயிரிழந்தனர். சுவர் இரண்டு வரிசையாக நின்றது; நடுவே ஒரு மணற்பட்டை இருந்தது. நாள்தோறும் சீவிச் சமன்செய்யப்பட்டது. தடம் விழுந்தால் எந்தக் காவலரின் பார்வைப் பகுதியில் தப்பினார்கள் என்பதும் மேலதிகாரிக்குத் தெரிந்துவிடும். 2,000 ஆண்டுகளுக்குப் பிறகும் அதே வான்வயல்.

1989 நவம்பர் 9 இரவு சுவர் விழுந்தது என்று சொல்வது வழக்கம். அன்றிரவு நடந்தது வாசல் திறந்ததுதான். புதிய பயண விதி உடனே நடப்புக்கு வருகிறது என்று கட்சிப் பேச்சாளர் ஷாபோவ்ஸ்கி தவறுதலாகச் சொல்லிவிட, மக்கள் திரண்டனர். போர்ன்ஹோல்மர் தெரு வாசலின் காவல் அதிகாரி மேலிடத்து உத்தரவு வராமலே தடுப்பை உயர்த்தினார்.

அப்போது உலகில் ஏறத்தாழ 15 எல்லைச் சுவர்கள் இருந்தன என்றும் இன்று 70க்கு மேல் என்றும் ஆய்வாளர் கணக்கிடுகின்றனர். மிக நீளமானவற்றில் ஒன்று இந்தியா வங்கதேச எல்லையில் போட்ட இரட்டைக் கம்பிவேலி. 4,096 கிலோமீட்டர் எல்லையில் முக்காலுக்கு அருகே அது எழும்பிவிட்டது. எல்லைக்கோட்டிலிருந்து 150 கெஜத்துக்குள் பாதுகாப்புக் கட்டுமானம் கூடாது என்பது 1975இன் உடன்பாடு. எனவே வேலி பெரும்பாலும் உள்ளே தள்ளியே ஓடுகிறது. இந்தியரின் வயலும் சில இடங்களில் வீடும் வேலிக்கு வெளியே, ஆனால் நாட்டுக்கு உள்ளே கிடக்கின்றன. உழவர் அடையாள அட்டையைக் காவலரிடம் கொடுத்துவிட்டுக் குறித்த நேரத்தில் வாசல் வழியே போய், குறித்த நேரத்துக்குள் திரும்ப வேண்டும். மழைக்கு முன் கதிரை அள்ள வேண்டிய நாளிலும் நேரம் அதுதான். மேகாலயத்தின் கலாய்ச்சரில் 2011இல் இரு நாட்டவரும் கூடும் எல்லைச் சந்தை ஒன்று திறந்தது. அல்தான் கான் கேட்டதும் இதைத்தான்.

அமெரிக்கா மெக்சிகோ எல்லை 3,145 கிலோமீட்டர். 1990களில் நகர்ப்புறங்களில் வேலியும் காவலும் இறுகியபோது கடக்க முயன்றவர்கள் அரிசோனாப் பாலைவன வழியை நாடினர். வெயிலிலும் தாகத்திலும் பலர் இறந்தனர். சமூகவியலாளர் டக்ளஸ் மாசி இன்னொன்றையும் கண்டறிந்தார். முன்பெல்லாம் பருவ வேலைக்கு வந்து ஊர் திரும்பிய மெக்சிகோ ஆண்கள், மறுபடி கடப்பது அரிதான பின் திரும்புவதை நிறுத்தி, அங்கேயே தங்கிக் குடும்பத்தையும் அழைத்துக்கொண்டனர். சுவர் அவர்களை உள்ளே வைத்துப் பூட்டியது.

பாலைவனத்தில் எல்லையை ஒட்டி மண்சாலைகள் செல்கின்றன. காவல் வண்டிகள் பழைய டயர்களைச் சங்கிலியில் கட்டி இழுத்துக்கொண்டு போய் மண்ணைச் சமன்செய்கின்றன. விடிந்ததும் தடம் பார்க்கிறார்கள். கடப்பவர்கள் செருப்புக்கு அடியில் கம்பளத் துண்டைத் தைத்துக்கொண்டு நடக்கிறார்கள்.