கள்ளி என்று பெயர் ஒன்று, செடி இரண்டு

ஆமைக்குக் காட்டுச்செடி எதைப் போடலாம் என்று வெளிநாட்டில் ஆமை வளர்ப்பவர்களைக் கேட்டால், பட்டியலில் சப்பாத்திக்கள்ளி கட்டாயம் இருக்கும். அதையே தமிழில் வெறுமனே "கள்ளி போடு" என்று சொல்லிவிட்டால் ஆமையின் உயிருக்கே ஆபத்து! ஏன் என்று தெரிந்துகொள்ளக் கொஞ்சம் சரித்திரம் பார்க்க வேண்டும் நண்பர்களே.

சங்கப் பாடல்களில் பாலை நிலத்திலும் சுடுகாட்டிலும் வரும் கள்ளி, சப்பாத்திக்கள்ளி அல்ல. அது சதுரக்கள்ளி, திருகுகள்ளி வகை. ஒடித்தால் பால் வடியும். தோலில் பட்டால் கொப்புளம், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. பெண் சிசுக்களுக்குக் கொடுத்தார்களே, அந்தக் கள்ளிப்பால் இதுதான்.

சப்பாத்திக்கள்ளி அமெரிக்கக் கண்டத்துச் செடி. கொலம்பஸ் போன 1492க்கு முன்னால் நம் முன்னோர் யாரும் இதைப் பார்த்திருக்க முடியாது. இதன்மேல் வாழும் ஒரு பூச்சியிலிருந்து சிவப்புச் சாயம் கிடைக்கும். மெக்சிகோவை வைத்திருந்த ஸ்பெயின்காரர்கள் அதில் நன்றாகச் சம்பாதித்தார்கள். கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் ஆசை வந்தது. சென்னையில் டாக்டர் ஜேம்ஸ் ஆண்டர்சன் சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டமே போட்டார். 1795ல் கேப்டன் நீல்சன் பிரேசிலிலிருந்து வங்காளத்துக்குப் பூச்சி கொண்டுவந்தார். வந்தது மட்டமான சாயம் தரும் வேறு இனம்! சாய வியாபாரம் படுத்துவிட்டது. செடி மட்டும் தங்கிவிட்டது.

தங்கியது மட்டுமா, வேலி தாண்டி வயலையும் மேய்ச்சல் நிலத்தையும் பிடித்தது. கடைசியில் 1926ல் இலங்கையிலிருந்து இன்னொரு பூச்சி இனத்தைக் கொண்டுவந்து விட்டார்கள். சில வருடங்களிலேயே தென்னிந்தியாவில் கள்ளிக்காடுகள் சுருங்கின. (சாயத்துக்குத் தேடிய பூச்சியின் சொந்தக்காரனே களையை அழித்தது நல்ல வேடிக்கை.)

தட்டையாக, முள்ளோடு இருந்ததால் நம் ஆட்கள் இதற்கும் கள்ளி என்றே பெயர் வைத்துவிட்டார்கள். நாகதாளி என்ற இன்னொரு பெயர் எவ்வளவோ மேல், குழப்பமே இல்லை.

அடையாளம் சுலபம். சப்பாத்திக்கள்ளியை ஒடித்தால் பால் வராது, கொழகொழவென்று தண்ணீர்தான் வரும். முள் கொத்துக்கொத்தாக இருக்கும். சதுரக்கள்ளியில் முள் இரண்டிரண்டாக இருக்கும், பால் கொட்டும். திருகுகள்ளியில் முள்ளே கிடையாது, அதனால் "சாதுவான செடி" என்று ஏமாந்துவிடக் கூடாது. நாகதாளியிலும் பெரிய முள்ளோடு கண்ணுக்குத் தெரியாத பொடிமுள்ளையும் நெருப்பில் வாட்டிப் போக்கிய பிறகே ஆமைக்குப் போட வேண்டும்.

இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நட்சத்திர ஆமையை வீட்டில் வளர்ப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். 2019லிருந்து சர்வதேச வணிகத்துக்கும் தடை. வழியில் கண்டால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். அதற்குக் கள்ளி எது, நாகதாளி எது என்று நாம் சொல்லித்தர வேண்டியதில்லை, முட்காட்டில் தானே தேடித் தின்றுகொள்ளும்.